கேட்டில் நிற்கப் போகிறவருக்கு: செக்யூரிட்டி வேலையும் அவசர நேரமும்

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை. இரவு ஷிப்ட். லோடிங் பகுதியில் ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார். கேட்டில் இருந்த பையன் வேலைக்குச் சேர்ந்து 9 நாள்தான் ஆகியிருந்தது. உடனே 108-ஐக் கூப்பிட்டான், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் "எங்கே வரணும்?" என்று கேட்டதற்குக் கம்பெனி பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். அந்தச் சாலையில் அதே பெயரில் இரண்டு யூனிட். ஆம்புலன்ஸ் அடுத்த யூனிட்டின் வாசலில் போய் நின்றது. அங்கிருந்து விசாரித்துக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வந்து சேர 11 நிமிடம் கூடுதலாகிவிட்டது. விழுந்தவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த 11 நிமிடமும் சாலையையே பார்த்துக்கொண்டு நின்ற பையனின் முகம் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. விலாசத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சூப்பர்வைசராக இருந்த நானும் சொல்லித் தரவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ புதியவர்களைக் கேட்டில் நிறுத்திப் பழக்கியிருக்கிறேன். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவசரம் என்று வந்துவிட்டால் செக்யூரிட்டியின் முதல் வேலை உதவியை வரவழைப்பது, வழியைத் திறந்து வைப்பது, வந்தவர்களை நேராக இடத்துக்குக் கூட்டிப்போவது. அதைத் தடுமாறாமல் செய்ய வேண்டுமானால், ஒன்றுமே நடக்காத நாட்களில் செய்து வைக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

சேரும்போது

தனியார் செக்யூரிட்டி ஏஜென்சிகளுக்கு 2005-ல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. துறையில் 'பசாரா' என்பார்கள். அந்தச் சட்டப்படி லைசென்ஸ் வாங்காமல் ஏஜென்சி நடத்தக் கூடாது. செக்யூரிட்டியாகச் சேர்பவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், 65-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. நடத்தை விசாரணை உண்டு. பயிற்சியும் உண்டு: வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம், குறைந்தது 20 வேலை நாட்களில் நடக்க வேண்டும். முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீசாருக்கும் இது 40 மணி, 16 மணி என்று குறையும்.

நடைமுறையில் காலையில் சேர்த்து மாலையிலேயே யூனிஃபார்மைக் கொடுத்து நிறுத்திவிடும் ஏஜென்சிகள் இருக்கின்றன. அப்படி உங்களுக்கு நடந்தால் "பயிற்சி எப்போ சார்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை, அது உங்கள் உயிர் சம்பந்தப்பட்டது. போட்டோ போட்ட அடையாள அட்டையை வாங்கி, ட்யூட்டியில் எப்போதும் வைத்திருங்கள். கொடுக்கும் உடுப்பு போலீஸ் உடுப்பு மாதிரியோ ராணுவ உடுப்பு மாதிரியோ இருந்தால் போடாதீர்கள். அதற்கு ஓராண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. முதலாளிக்கு மட்டுமல்ல, போட்டுக்கொண்டவருக்கும் அதே தண்டனைதான்.

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எண்களை முதல் மாதத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். வேலையில் அடிபட்டால் கை கொடுப்பது அந்த ஈ.எஸ்.ஐ.தான். சம்பளத்தில் பிடித்தம் செய்துவிட்டுக் கட்டாமல் விடும் இடங்களும் உண்டு. அதனால் எண் கையில் இருந்தால் மட்டும் போதாது, பணம் ஏறுகிறதா என்று போனில் பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுத்துப் பாருங்கள்.

முதல் நாள்: இடத்தைக் காலால் படியுங்கள்

ரிலீவரோ (ஷிப்ட் மாறும்போது ட்யூட்டியை மாற்றிக்கொள்பவர்) சூப்பர்வைசரோ உங்களை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து "இதுதான் பாயிண்ட்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதோடு நிற்காதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே ஒரு முழுச் சுற்று நடந்து வாருங்கள். கையில் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும். மெயின் ஸ்விட்ச் எங்கே, ஜெனரேட்டர் எங்கே, தண்ணீர் வால்வு எங்கே, தீயணைப்பு சிலிண்டர்கள் எந்தெந்தத் தூணில் தொங்குகின்றன, அவசரத்தில் எல்லோரும் வந்து கூட வேண்டிய அசெம்பிளி பாயிண்ட் போர்டு எங்கே நடப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நீங்களே கோடு போட்டு ஒரு வரைபடம் வரையுங்கள். அழகாக இருக்கத் தேவையில்லை. கையால் ஒரு தடவை வரைந்தது இருட்டிலும் ஞாபகத்துக்கு வரும்.

வெளியேறும் கதவுகளைத் தள்ளிப் பாருங்கள். 'எமர்ஜென்சி எக்ஸிட்' என்று பச்சை எழுத்தில் எழுதியிருக்கும், பின்னால் அட்டைப் பெட்டி அடுக்கி வைத்திருப்பார்கள், அல்லது பூட்டு தொங்கும். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் தியேட்டரில் கீழே டிரான்ஸ்பார்மரில் தீப்பிடித்தது. பால்கனியில் இருந்தவர்கள் வெளியே வரும் வழியில் கூடுதல் இருக்கைகளைப் போட்டு அடைத்து வைத்திருந்தார்கள். 59 பேர் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அதனால் அடைபட்ட கதவைப் பார்த்தால் யார் பெட்டி, எந்த டிபார்ட்மென்ட் என்று யோசிக்க வேண்டாம். ரெஜிஸ்டரில் எழுதி, சூப்பர்வைசருக்குச் சொல்லி, நகர்த்தும் வரை தினமும் சொல்லிக்கொண்டே இருங்கள். "இந்த செக்யூரிட்டி நச்சு பண்றான்" என்று பெயர் வந்தாலும் பரவாயில்லை.

சாவிப் பலகையையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று டேக் இல்லாவிட்டால் அன்றே துணியில் எழுதிக் கட்டுங்கள். புகை வரும் நேரத்தில் 40 சாவிகள் கொண்ட கொத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைவிடக் கொடுமை வேறு இல்லை.

கடைசியாக ஒரு அட்டையில் நீங்கள் நிற்கும் இடத்தின் முழு விலாசம், சாலைப் பெயர், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த அடையாளம் (கோயில், பெட்ரோல் பங்க், பஸ் ஸ்டாப்பிங் எதுவானாலும்), எந்த கேட் வழியாக வர வேண்டும் என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டுங்கள். அதன் கீழே எண்கள்: எல்லா அவசரத்துக்கும் 112, போலீஸ் 100, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108, சமையல் கேஸ் கசிவுக்கு 1906. அப்புறம் மேனேஜர், எலக்ட்ரீஷியன், லிஃப்ட் கம்பெனி, உங்கள் ஃபீல்டு ஆபீசர். பதற்றத்தில் மனப்பாடமெல்லாம் பறந்துபோகும், அட்டை பறக்காது.

கேட்: ரெஜிஸ்டர்தான் உங்கள் ஆயுதம்

வருகிறவர் பெயர், யாரைப் பார்க்க, வண்டி எண், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் வெளியே போன நேரத்தைத்தான் பாதிப் பேர் எழுதுவதில்லை.

ஒரு தடவை ஒரு கம்பெனியில் பெயின்ட் வைத்திருந்த அறையில் தீ. எல்லோரும் அசெம்பிளி பாயிண்டுக்கு வந்துவிட்டார்கள். தலையை எண்ணினால் ரெஜிஸ்டருக்கு ஒருவர் குறைகிறார். பெயின்டிங் கான்ட்ராக்டரோடு வந்த ஆள், உள்ளே வந்த நேரம் 9:20, வெளியே போன நேரம் காலி. தீயணைப்பு வீரர்கள் முகமூடியை மாட்டிக்கொண்டு அவரைத் தேடிப் புகைக்குள் போகத் தயாராகிவிட்டார்கள். அந்த நேரத்தில் அவர் டீக் கடையிலிருந்து பார்சலோடு நடந்து வந்தார். ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டதற்கு வேறொருவர் உயிரைப் பணயம் வைத்திருப்பார். ஆகவே, டீக்குப் போனாலும் சரி, வண்டியிலிருந்து சாமான் எடுக்கப் போனாலும் சரி, கேட்டைத் தாண்டினால் எழுதுங்கள். மேனேஜருக்குத் தெரிந்தவர், எம்எல்ஏ ஆள், வாரா வாரம் வருகிறவர் என்று யாருக்கும் விலக்கு கொடுக்காதீர்கள். அவசரம் வந்தால் உடனே கையில் எடுக்க வேண்டிய முதல் பொருள் அந்த ரெஜிஸ்டர்தான். கேட்டை விட்டு ஓட வேண்டி வந்தாலும் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சரக்கு வண்டிக்கு கேட் பாஸ் இல்லாமல் அசையக் கூடாது. திரும்பி வர வேண்டிய பொருள், திரும்பி வராத பொருள் என்று பாஸ் இரண்டு வகை. ரிப்பேருக்குப் போன மோட்டார் திரும்பி வந்ததா என்று வாரம் ஒருமுறை பழைய பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். பாஸில் இருக்கும் எண்ணிக்கையை வண்டியில் இருக்கும் எண்ணிக்கையோடு சரிபார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்த வேண்டும். பையைச் சோதிக்கும்போது எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள். பெண்களைச் சோதிக்கப் பெண் செக்யூரிட்டிதான் வேண்டும். அவர் இல்லையென்றால் காத்திருக்கச் சொல்லலாம், நீங்கள் கை வைக்கக் கூடாது.

உங்கள் அதிகாரம் எது வரை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் போலீஸ் கிடையாது. கண்ணெதிரே ஒருவர் பெரிய குற்றம் செய்தால், அதாவது ஜாமீனில் விட முடியாத, போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் செய்தால், சாதாரணக் குடிமகனும் அவரைப் பிடித்து வைக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 40-ஆவது பிரிவு அது. தாமதிக்காமல், 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று சந்தேகத்தில் ஒருவரை அறையில் பூட்டுவதும், அடித்துக் கேட்பதும் உங்களைக் குற்றவாளி ஆக்கிவிடும். மேனேஜர் சொன்னார் என்றாலும் அடிக்காதீர்கள். நாளைக்கு வழக்கு வந்தால் கை உங்களுடையது என்பதுதான் எழுதப்படும்.

ரவுண்ட்ஸ் பற்றிச் சுருக்கமாக

ஒரே நேரத்தில், ஒரே வழியில் போகாதீர்கள். இன்று வலப்பக்கமிருந்து, நாளை இடப்பக்கமிருந்து. டார்ச் அடிப்பதோடு நிற்காமல் மூக்கையும் காதையும் தீட்டி வையுங்கள். எரிந்த ஒயர் வாசம், கேஸ் வாசம், ஓடாத இடத்தில் ஓடும் மோட்டார் சத்தம், சொட்டும் தண்ணீர் எல்லாமே முன்கூட்டியே தகவல் சொல்லும். பூட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு நகராமல் இழுத்துப் பாருங்கள். தீயணைப்பு சிலிண்டர்களில் அழுத்தம் காட்டும் ஊசி பச்சையில் நிற்கிறதா, கைப்பிடியில் செருகியிருக்கும் பின்னின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறையாவது எல்லாவற்றையும் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் அழுத்தம் காட்டும் ஊசி இருக்காது, அதை எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அவசரம் வந்துவிட்டது

ஓடுவதற்கு முன்னால் ஒரு மூச்சு நின்று பாருங்கள். அந்த இடத்துக்குப் போனால் எனக்கு என்ன ஆகும்? மின்சாரமா, புகையா, விஷவாயுவா? நீங்களும் விழுந்துவிட்டால் தூக்க வேண்டியவர்கள் இரண்டு பேர், கேட்டில் ஆள் இல்லை.

அடுத்தது போன். இந்த வரிசையில் சொல்லுங்கள்:

1. "தீ பிடித்திருக்கிறது" அல்லது "ஒருவர் மூச்சில்லாமல் கிடக்கிறார்" என்று நடந்ததை ஒரே வாக்கியத்தில்.
2. அட்டையில் எழுதிய விலாசத்தை அடையாளத்தோடு, எந்த கேட் என்பதோடு.
3. எத்தனை பேர் உள்ளே, எத்தனை பேருக்கு அடி.
4. உங்கள் பெயர், எண். எதிர்முனையில் வைக்கும் வரை நீங்கள் வைக்காதீர்கள்.

பிறகு மேனேஜர், சூப்பர்வைசர். "முதலில் எங்களிடம் சொல்லு, நாங்கள் பார்த்துவிட்டு 101-க்குச் சொல்கிறோம்" என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. சேரும் நாளிலேயே இதைப் பற்றிப் பேசித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உயிர் ஆபத்து என்றால் முதல் அழைப்பு வெளியேதான் போக வேண்டும் என்று ஸ்டாண்டிங் ஆர்டரில் (அந்த இடத்துக்கான நிரந்தர உத்தரவில்) எழுதி வாங்கினால் நல்லது. தீயணைப்பு வண்டி வந்து "ஒன்றும் இல்லை" என்று திரும்பிப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை.

வழி திறப்பது மூன்றாவது. பூம் பேரியரை (வண்டியை மறிக்கும் குறுக்குக் கம்பத்தை) தூக்கிக் கட்டுங்கள், பெரிய கேட்டை இரண்டு பக்கமும் திறங்கள், வாசலில் நிற்கும் டூவீலர்களை நகர்த்துங்கள். ஒருவர் டார்ச்சோடு சாலை முனையில் நிற்கட்டும்.

தீ

குப்பைக் கூடை அளவுத் தீ என்றால் நீங்களே அணைக்கலாம். உங்கள் இடுப்புக்கு மேல் உயர்ந்துவிட்டால், அறையில் புகை சூழ்ந்துவிட்டால், உங்கள் பின்னால் வெளியேறும் வழி இல்லையென்றால் அந்தத் தீ உங்களுடையது கிடையாது. கதவைச் சாத்திவிட்டு (பூட்டாமல்) ஆட்களை வெளியேற்றுங்கள்.

சிலிண்டரைப் பயன்படுத்தும் முறை: பின்னைப் பிடுங்குங்கள், குழாயைத் தீயின் அடியில் குறிபாருங்கள், கைப்பிடியை அழுத்துங்கள், இடமும் வலமுமாக வீசுங்கள். கொழுந்தில் அடித்தால் பவுடர் முழுக்கக் காற்றோடு போய்விடும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீச வேண்டும். சாதாரண 6 கிலோ பவுடர் சிலிண்டர் 20 வினாடி போலத்தான் வரும். அதற்குள் அடங்கவில்லையா, பின்வாங்குங்கள்.

ஒரு இரவு 2:40 மணி ரவுண்ட்ஸில் பேனல் ரூம் பக்கம் எனக்கு எரிந்த ரப்பர் வாசம் அடித்தது. கதவைத் திறக்கும் முன் புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன், சூடில்லை. மெதுவாகத் திறந்தால் ஒரு பேனலின் இடுக்கில் மஞ்சள் வெளிச்சம். வாக்கி டாக்கியில் கேட்டுக்குச் சொன்னேன், எலக்ட்ரீஷியன் வந்து அந்த லைனை ஆஃப் செய்தார், அப்புறம்தான் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை அடித்தேன். அவசரத்தில் கொம்பு மாதிரி இருக்கும் வாயைக் கையால் பிடித்துவிட்டேன். பனிக்கட்டியைவிட மோசமான குளிர், உள்ளங்கைத் தோல் வெள்ளையாகி, பிறகு கொப்பளித்தது. கைப்பிடியில் மட்டும்தான் பிடிக்க வேண்டும். இன்னொன்று, அந்த வாயு மூடிய அறையில் மூச்சுக் காற்றைத் தள்ளிவிடும். அடித்ததும் வெளியே வந்துவிடுங்கள்.

மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கேன்டீனில் எண்ணெய்ச் சட்டி எரிந்தாலும் ஊற்றாதீர்கள், எண்ணெய் வெடித்துச் சிதறும். அடுப்பை அணைத்து, சட்டிமேல் மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடிவிட்டு, ஆறும் வரை திறக்காமல் விடுங்கள்.

வெளியேற்றும்போது லிஃப்ட் கூடாது, படிக்கட்டுதான். புகை மேலே நிற்கும், அதனால் குனிந்து வரச் சொல்லுங்கள். தீ எட்டாத தளத்துக்கும் புகை எட்டும். 2011 டிசம்பரில் கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில் பிடித்த தீயில் சுமார் 90 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் மேலே படுக்கையில் இருந்த நோயாளிகள், புகையால். செல்போனை எடுக்க, பையை எடுக்க என்று திரும்பி ஓடுபவர்களைக் கேட்டிலேயே தடுத்து நிறுத்துவது உங்கள் வேலை. அங்கே கொஞ்சம் கடுமையாகப் பேசினாலும் தப்பில்லை.

கேஸ் கசிவு

வாசம் வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, காலிங் பெல்லும் கூடாது. கதவைத் தட்டிக் கூப்பிடுங்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து பேஸ்மென்ட், பள்ளம், சாக்கடை என்று தேங்கும். வெளியே தள்ளிப் போய் நின்ற பிறகு போன் செய்யுங்கள்.

தொட்டிக்குள் விழுந்தவர்

இதை எல்லோரும் இரண்டு தடவை படியுங்கள். கழிவுநீர்த் தொட்டியிலோ, எஸ்டிபி எனப்படும் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டியிலோ, பாதாளச் சாக்கடையிலோ ஒருவர் இறங்கி மயங்கிவிட்டால் காப்பாற்ற இறங்காதீர்கள். முதல் ஆளைத் தூக்கப் போன அண்ணன், அண்ணனைத் தூக்கப் போன பக்கத்து வீட்டுக்காரர் என்று வரிசையாக இறந்த செய்திகளை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டை வாசம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாசமே தெரியாது. வாசம் இல்லை என்று இறங்குகிறவர் இரண்டு மூச்சில் சுருண்டு விழுவார். துணியை முகத்தில் கட்டினால் அது தடுக்காது.

101-ஐக் கூப்பிடுங்கள், உள்ளே மூச்சுக் கருவி இல்லாமல் ஆள் கிடக்கிறார் என்று சொல்லுங்கள். மூடிகளையெல்லாம் திறந்து வையுங்கள். கயிறு வீசி, அவர் நினைவோடு இருந்தால் பிடிக்கச் சொல்லலாம். மற்ற யாரும் இறங்காமல் கையைப் பிடித்து இழுத்தாவது நிறுத்துங்கள். அழுதுகொண்டு குதிக்க வரும் சொந்தக்காரரைத் தடுப்பது மிகக் கொடுமையான வேலை. ஆனாலும் தடுங்கள்.

இதைவிட நல்லது, அந்த நிலையே வராமல் கேட்டில் நிறுத்துவது. பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஆளைத் தொட்டிக்குள் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கழிவுநீர் லாரியோடு வந்தவர்கள் வெறும் கயிறும் வாளியும் வைத்திருந்தால் "யாராவது உள்ளே இறங்குவீங்களாண்ணே?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கோ மேனேஜருக்கோ போன் செய்து, ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு நிறுத்தி வையுங்கள்.

மயக்கம், மாரடைப்பு, வலிப்பு, பாம்பு

ஒருவர் விழுந்து கிடந்தால் தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் 108-க்குச் சொல்லிவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். கட்டாந்தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, மார்பின் நடுவில் ஒரு கைமேல் இன்னொரு கை, முழங்கை மடங்காமல், 5 செ.மீ. ஆழம் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் நெஞ்சு முழுசாக மேலே வரட்டும். இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்துவிடும், ஆளை மாற்றுங்கள். விலா எலும்பு உடைந்துவிடுமோ என்ற பயத்தில் நிறுத்தாதீர்கள். ஆம்புலன்ஸ்காரர் வந்து தோளில் தட்டும் வரை விடாதீர்கள்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிக்கும் வழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அதனால் பயன் இல்லை, கை கிழிவதுதான் மிச்சம். சுற்றியிருக்கும் கூரான பொருட்களை நகர்த்தி, தலைக்குக் கீழே துணியை வைத்து, ஆடி முடித்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூனோ தண்ணீரோ வேண்டாம். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108.

புறநகர் சைட்டுகளில் மழைக்காலத்தில் பாம்பு சகஜம். கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடித்த கை காலை அசைக்காமல் வைத்து, மோதிரம் வளையலைக் கழற்றி, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். பாம்பைத் தேடி அடிப்பதில் நேரத்தை விடாதீர்கள்.

மின்சாரம் தாக்கியவரை வெறும் கையால் தொடாதீர்கள். முதலில் மெயின் ஆஃப்.

லிஃப்ட், வெள்ளம், தெரியாத பை

லிஃப்டில் மாட்டியவரிடம் முதலில் பேச்சுக் கொடுங்கள். "சார், நான் செக்யூரிட்டி பேசறேன், ஆளைக் கூப்பிட்டாச்சு, இங்கேயேதான் இருப்பேன்." காற்று உள்ளே வரும், மூச்சு முட்டாது என்று சொல்லுங்கள். பாதி தளத்தில் நின்ற லிஃப்டின் கதவை நெம்பித் திறந்து அவரைக் குதிக்கச் சொல்லாதீர்கள். கீழே இருக்கும் இடைவெளி வழியாகக் குழிக்குள் விழுந்துவிடுவார்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ பேஸ்மென்டுகள் குளமாயின. தண்ணீர் ஏறத் தொடங்கும்போதே லிஃப்டை மேல் தளத்தில் நிறுத்தி ஆஃப் செய்யச் சொல்லுங்கள், எலக்ட்ரீஷியனை வைத்து பேஸ்மென்ட் மின்சாரத்தைத் துண்டியுங்கள். அதற்குப் பிறகு கார் எடுக்க யாரையும் இறங்க விடாதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள்.

யாருடையதென்று தெரியாத பை கிடந்தால் தொடவோ நகர்த்தவோ வேண்டாம். ஆட்களைத் தள்ளிப் போகச் சொல்லி, நீங்களும் பையை விட்டுத் தூரமாக வந்த பிறகு 100-க்குப் பேசுங்கள். திருடனைத் துரத்துவதைவிட அவன் உயரம், சட்டை நிறம், வண்டி எண், போன திசையைக் கவனிப்பது போலீசுக்கு அதிகம் பயன்படும்.

எல்லாம் அடங்கிய பிறகு

நடந்த இடத்தைக் கழுவவோ, பொருட்களை நகர்த்தவோ விடாதீர்கள், போலீஸ் பார்க்க வேண்டியிருக்கும். சிசிடிவி பதிவு சில நாட்களில் தானாக அழிந்து மேலேயே புதியது பதிவாகும், அதனால் அன்றே எடுத்து வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அடிபட்டவரின் போட்டோவை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அவருடைய பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன் அந்தப் படம் அவர்கள் கைக்கு வந்துவிடும். பத்திரிகைக்காரர் கேட்டால் "மேனேஜரிடம் கேளுங்க சார்" என்றால் போதும்.

கை நடுக்கம் நின்றதும் உட்கார்ந்து எழுதுங்கள். பார்த்ததையும் செய்ததையும் நேரத்தோடு மட்டும் எழுத வேண்டும், ஊகம் வேண்டாம். இப்படி:

"இரவு 2:40. பேனல் ரூம் பக்கம் எரிந்த வாசம். 2:42 வாக்கி டாக்கியில் கேட்டுக்குத் தகவல். 2:43 கேட்டிலிருந்து 101-க்கு போன். 2:46 எலக்ட்ரீஷியன் லைன் ஆஃப் செய்தார். 2:47 சிலிண்டர் ஒன்று பயன்படுத்தப்பட்டது. 2:50 தீ அணைந்தது. யாருக்கும் தீக்காயம் இல்லை. எனக்கு இடது உள்ளங்கையில் குளிர்க் காயம். காலி சிலிண்டருக்குப் பதில் புதியது வைக்கப்படவில்லை."

அந்தக் கடைசி வரியை ரிலீவரிடம் வாயாலும் சொல்லுங்கள். கூட்டிப்போய் காலியான கொக்கியைக் காட்டுங்கள். சாவிகளை அவர் முன்னால் எண்ணுங்கள், டார்ச்சில் சார்ஜ் இருக்கிறதா என்று அடித்துக் காட்டுங்கள், உள்ளே இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை ரெஜிஸ்டரில் விரல் வைத்துச் சொல்லுங்கள். அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பலாம்.